நான்கு கார்னிகளில் ஒருவன்

இமெல்டா மொரோனி முதன்முதலாக மனித ரத்தத்தை ருசித்தது ஏழாவது வயதில். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பையன் அவள் கோட்டின் முதுகில் சுண்ணாம்புக்கட்டியால் 'ஒற்றன்' என்று எழுதிவிட்டான். எழுதியதே அவளுக்குத் தெரியாது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று கோட்டைக் கழற்றிப் பார்த்தாள். பார்த்த கையோடு அவன் மேல் பாய்ந்து இடது காதைக் கவ்விக்கொண்டாள். கன்னியாஸ்திரி பிரம்பால் விளாசியும் விடவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிய பிறகுதான் விட்டாள், காதின் கீழ்நுனியோடு.

அந்தப் பையன் ஃப்ளான். அவனும் மொரோனிதான், தூரத்துச் சொந்தம். எங்கள் ஊர் கில்டோனாவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மொரோனி மேல்தான் விழும். அதனால் நாங்கள் ஆளை வீட்டை வைத்துத்தான் சொல்வோம். ஃப்ளான் ஜாக் வீட்டுக்காரன், இமெல்டா பேட் வீட்டுக்காரி.

அன்று சாயங்காலம் இமெல்டாவின் அப்பா மர்ட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"துப்பிட்டியா, முழுங்கிட்டியா?"

"துப்பிட்டேன்பா."

"நல்லவேள. ஜாக் வீட்டுக் கறி வயித்துக்கு ஆகாது."

கதை பழையது. 1921-ல், இங்கிலீஷ் பட்டாளத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களை ஊரில் 'பையன்கள்' என்றுதான் சொல்வார்கள். அந்த மார்ச் மாதத்தில் பையன்கள் பேட் வீட்டு மூத்தவன் கார்னியைச் சுட்டு, கழுத்தில் ஒற்றன் என்று அட்டை மாட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் கொலைகாரனைக்கூட நாளடைவில் மன்னித்துவிடும், அவனோடு உட்கார்ந்து குடிக்கவும் செய்யும். காட்டிக்கொடுத்தவனை மட்டும் மன்னிக்காது. கோயில் கல்லறையில் கார்னிக்கு இடமில்லை என்றார்கள். பெற்ற தகப்பன் பேட், மகனைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளைப் புதைக்கும் பொட்டலில் தனியாளாகக் குழி வெட்டிப் புதைத்தார். ஒரு ஆள்கூட உதவிக்குப் போகவில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கார்னியின் தம்பி டெனிஸ். டெனிஸின் மகன்தான் மர்ட்டி. பெரியப்பாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் வாழ்நாளெல்லாம் பெரியப்பாவுக்காகவே அடித்துக்கொண்டார். ஊரில் அவர் கை படாத தாடைகள் குறைவு. ஒரு ஹர்லிங் ஆட்டத்தில் எதிர் அணிக்காரன் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான். பந்தடிக்கும் மட்டையாலேயே அவன் தாடையை இரண்டு இடத்தில் உடைத்துவிட்டு, லிமெரிக் சிறையில் மூன்று மாதம் களி தின்றார். திரும்பி வந்த அன்றைக்குச் சந்தையில் இன்னொருவனை அடித்தார். தன் அப்பா டெனிஸைப் பற்றி மட்டும் பேச்சு வந்தால் குரல் இறங்கிவிடும். அண்ணன் பழியைச் சுமந்துகொண்டு வாய் பேசாமல் முப்பத்தொரு ஏக்கரை உழுதவர், வாராவாரம் பூசைக்குப் போனவர், புண்ணியவான் என்பார்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் சாதுவாகவா இருப்பாள்? இமெல்டா பதினோரு வருடம் மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் எலும்பிலிருந்து கறியைச் சீவிப் பிரிக்கும் வேலை பார்த்தாள். இடது மோதிர விரலில் பாதி அங்கேயே போயிற்று. ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "காட்டிக்குடுத்த வம்சத்துக்குக் கூலியா உருளைக்கிழங்கு ரெண்டு சேர்த்து வைங்கப்பா" என்றான். மேஜை மேல் விரித்து வைத்திருந்த அவன் விரல்களின் இடைவெளியில் கத்தியை இறக்கினாள். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு வேலை போயிற்று.

அதன்பிறகு வேலையில்லாதவர்களுக்கு அரசு நடத்திய ஒரு பயிற்சிக்குப் போனாள். பழைய பதிவேடுகளில் குடும்ப வம்சாவளி தேடும் பயிற்சி. அது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. செத்தவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பதாலோ என்னவோ. டவுன் நூலகத்தின் மாடியில் ஆவண அறையில் உட்கார்ந்தாள், முப்பது வருடம் உட்கார்ந்தாள்.

கோடையில் அமெரிக்காக்காரர்கள் வருவார்கள். தங்கள் முன்னோர்கள் பசியால் கப்பலேறிய புனிதர்கள் என்ற நினைப்போடு, கையில் கைக்குட்டையோடு வருவார்கள். இமெல்டா நீதிமன்றப் புத்தகத்தைத் திறந்து வைப்பாள்.

"இந்தா பாருங்கம்மா, உங்க கொள்ளுத்தாத்தாவோட தாத்தா. பக்கத்து வீட்டுக்காரன் மண்டையில மண்வெட்டியால போட்டிருக்காரு. ரெண்டு மாசம் உள்ள."

"ஐயோ... அடி வாங்குனது யாரு?"

"அது உங்க கொள்ளுப்பாட்டியோட தாத்தா. கல்யாணம் அப்புறம்தான் நடந்திருக்கு."

அடிதடி, மாட்டு வாலை அறுத்தது, வைக்கோல்போரைக் கொளுத்தியது, வீட்டைக் காலி செய்ய வந்த அமீனா மேல் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை ஊற்றியது என்று எதையும் அவள் மறைக்க மாட்டாள். வேலையில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. "ஆளைத் தேடாதீங்க, நிலத்தைத் தேடுங்க" என்பாள். எங்கள் வழக்கப்படி மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தால் நாலு வீட்டு மூத்த பிள்ளைக்கும் ஒரே பெயர்தான். பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறவன் தடுமாறி வேறொருவன் வீட்டுக்குள் நுழைவான். நில எண் அப்படியில்லை, அது அடுத்த வீட்டுக்கு ஓடாது.

ஊரார் வம்சத்தையெல்லாம் தோண்டியவள் தன் வீட்டுப் பக்கத்தை மட்டும் தொட்டதில்லை. பயம்தான், வேறென்ன? கார்னி உண்மையிலேயே காட்டிக்கொடுத்திருந்தால்?

மர்ட்டிக்கு எண்பத்து நான்கு வயதில் நுரையீரலில் புற்று வந்தது. இலை உதிரும்வரை தாங்கலாம் என்றார் டாக்டர். மர்ட்டி சாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. தான் கண்மூடுவதற்குள் கார்னியைப் பொட்டலிலிருந்து எடுத்துக் கோயில் கல்லறையில் டெனிஸ் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே குழியில்.

அதற்குக் கல்லறைக் கமிட்டி சம்மதிக்க வேண்டும். கமிட்டித் தலைவர் யார்? ஃப்ளான். மாட்டு வியாபாரத்தில் பெருத்து, கழுத்தே தெரியாமல் போயிருந்தான்.

கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மர்ட்டி மூச்சு வாங்க வாங்கத் தன் கோரிக்கையைச் சொல்லி முடித்தார்.

"பேப்பர் இருக்கா மர்ட்டி?" என்றான் ஃப்ளான். "கார்னி காட்டிக்குடுக்கலன்னு எழுதின பேப்பர். அதக் கொண்டாங்க, நானே குழி வெட்டுறேன். பேப்பர் இல்லாம உங்க கைத்தடிய ஆட்டிக்கிட்டு வந்தா ஆச்சா? எங்க பெரியவங்க படுத்திருக்கிற எடம் அது. கண்டதும் வந்து படுக்கறதுக்கு மாட்டுக்கொட்டாய் இல்ல."

ஃப்ளான் கைத்தடியைச் சொன்னதும் கைத்தடி எழுந்தது. அவன் நெற்றியில் ஒரு கோடு கிழித்தது. அவன் பிடித்துத் தள்ளினான். கிழவர் நாற்காலிகள் மேல் சரிந்தார், விலா எலும்பு இரண்டு முறிந்த சத்தம் பின் வரிசைவரை கேட்டது. இமெல்டா ஓடிவந்து தலையைக் குனிந்து ஃப்ளானின் வாயில் முட்டினாள். முன்பல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

காரில் போகும்போது மர்ட்டி விலாவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஊரான் வீட்டுப் பொணத்தையெல்லாம் தோண்டுறல்ல? நம்ம பொணத்த எப்பதான்டீ தோண்டுவ? கொண்டா அந்தப் பேப்பர. அதப் பாக்காம நான் சாக மாட்டேன்."

மறுநாளே ஆரம்பித்தாள். நிலத்திலிருந்துதான் ஆரம்பித்தாள், அதுதானே அவள் முறை. பதினாலாம் எண் நிலம், முப்பத்தொரு ஏக்கர். நில மதிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு வருடத் திருத்தத்துக்கும் ஒரு நிற மை உண்டு. 1924-ல் பேட் பெயரைச் சிவப்பு மையில் அடித்து, மேலே டெனிஸ் என்று எழுதியிருந்தது. இதில் ஒன்றுமில்லை, மூத்தவன் செத்தால் இளையவனுக்கு வரும். எங்கள் பக்கத்தில் நிலத்தைப் பங்கு போட மாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு முழுதும், மற்றவர்களுக்குக் கப்பல்.

அந்தக் கப்பல் விவரத்தையும் பார்த்தாள். டவுனில் கப்பல் சீட்டு விற்ற ஏஜென்டின் நோட்டுப் புத்தகம் அறையிலேயே இருந்தது. 1921 ஏப்ரலில், கார்னி செத்த மறுமாதம், பாஸ்டன் போக வேண்டியவர்கள் பட்டியலில் டெனிஸ் மொரோனி. எதிரே ஒரே வார்த்தை, 'வரவில்லை'.

அடுத்து ஞானஸ்நானப் பதிவேடு. 1938, டெனிஸின் மூத்த மகன். வழக்கப்படி தாத்தா பெயர் பேட்ரிக் என்று வைத்திருக்க வேண்டும். பாதிரியார் அப்படித்தான் எழுதத் தொடங்கியிருக்கிறார். பிறகு அதைப் பேனா கிழிய அடித்து, மேலே ஞானத்தந்தையின் பெயரை, மர்ட்டி என்று, எழுதியிருக்கிறார். ஓரத்தில் சிறிய எழுத்தில், 'குழந்தையின் தாத்தா கோயிலிலேயே ஆட்சேபித்தார்.'

முப்பது வருடத்தில் இப்படி ஒரு குறிப்பை அவள் பார்த்ததில்லை. எந்தக் கிழவனும் பேரனுக்குத் தன் பெயரை மறுத்ததில்லை. நிலத்தைக் கொடுத்தவன் பெயரை ஏன் கொடுக்கவில்லை? இத்தோடு நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். நிறுத்தவில்லை.

துப்பாக்கி தூக்கிய அந்தப் 'பையன்கள்' பின்னால் ஓய்வூதியம் கேட்டுச் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் இருக்கின்றன. யார் யாரைச் சுட்டோம், எந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தோம் என்று எல்லாம் அவர்கள் வாயாலேயே. சமீபத்தில்தான் அந்தக் கோப்புகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒன்பது நாள் தேடி, மலைக்கு அந்தப்புறத்து ஆள் ஒருவன் 1935-ல் கொடுத்த தாளைப் பிடித்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் மேஜையில் ஆறிக்கொண்டிருக்க, அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

'நாங்கள் மூன்று பேர். ஊர் தெரியாதவர்களைத்தான் இந்த வேலைக்கு அனுப்புவார்கள். வழிகாட்ட உள்ளூர்க்காரன் ஒருவனைக் கொடுத்தார்கள். காலை ஏழு மணி. அவன் பால் கறந்துகொண்டிருந்தான். நீதானே கார்னி மொரோனி என்று கேட்டோம். எந்தக் கார்னி வேண்டும், இங்கே நாலு பேர் இருக்கிறோம் என்றான். வழிகாட்டியைக் கேட்டோம். இவன்தான் என்றான். அவன் வழிகாட்டியைப் பார்த்து, அவர்களிடம் சொல்லுடா டெனிஸ், சொல்லுடா தம்பி என்றான். வழிகாட்டி மறுபடியும் இவன்தான் என்றான். முதல் குண்டு தாடையைக் கொண்டுபோயிற்று. அப்படியே எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினான். வாசற்படியில் இரண்டாவது குண்டு. அங்கே ஒரு கிழவர் நின்றிருந்தார். வழிகாட்டி எங்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுடப்பட்டவன் ஆள் மாறிப்போனவன் என்று பிறகு தெரிந்தது. மேலிடத்துக்குச் சொன்னோம். மேல் நடவடிக்கை இல்லை. தேவைப்பட்டவன் ஜாக் வீட்டு கார்னி. அந்த வாரமே அவன் கப்பலேறிவிட்டான்.'

மர்ட்டி எழுந்து வந்து புறங்கையால் அவள் வாயில் அறைந்தார். அவ்வளவு அடிதடி செய்த மனிதர், மகளை அதுவரை ஒரு தட்டு தட்டியதில்லை. உதடு கிழிந்து ரத்தம் தாள் மேல் சொட்டியது.

"பொய்."

"சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்காம்பா."

"எங்கப்பன் வாராவாரம் பூசைக்குப் போனவன்டீ!"

"போனாரு. அந்தப் பொட்டலுக்கு ஒருநாளாவது போயிருக்காரா? நீ சொல்லு. உன்னக் கூட்டிட்டுப் போயிருக்காரா?"

பதிவேட்டின் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அடித்த பெயரையும், ஓரக் குறிப்பையும் விரலால் காட்டினாள்.

"பாதிரியாரு குடிச்சிருந்தாரு, பேர மாத்தி எழுதிட்டாருன்னு சொல்வாரு எங்கப்பா" என்றார். "தாத்தா எங்கூடப் பேசினதே இல்ல. நான் கிட்டப் போனா எந்திருச்சுப் போயிருவாரு. எனக்கு என்னமோ சீக்குன்னு நெனச்சுக்குவேன்."

சாப்பிடாமல் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனார்.

மறுநாள் பூசை முடிந்து ஊர் மொத்தமும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது. கல்லறைப் பக்கமிருந்து டங்கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் மர்ட்டி. முறிந்த விலாவோடு, கோட்டைக் கழற்றிவிட்டு, சம்மட்டியை இரண்டு கையாலும் தூக்கித் தன் அப்பன் கல்லறைக் கல்லை அடிக்கிறார். டெனிஸ் என்ற பெயர் தெறித்துவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் இருமி, இருமலோடு வந்த ரத்தத்தைப் புல்லில் துப்பிவிட்டு மறுபடி தூக்குகிறார். இமெல்டா வீங்கிய உதட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

"கெழவனுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு ஃப்ளான்தான் முதலில் ஓடினான். சம்மட்டியைப் பறித்த வேகத்தில் மர்ட்டி குப்புற விழுந்தார், உடைந்த கல்லின் விளிம்பில் பட்டு நெற்றி பிளந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் இமெல்டா குழி வெட்டுபவன் சாத்தி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துச் சுழற்றி அடித்தாள். ஃப்ளானின் வலது மணிக்கட்டு உலர்ந்த சுள்ளி மாதிரி முறிந்தது. இன்னொரு வீச்சு கழுத்துக்குத்தான் போயிருக்கும். நாலு பேர் சேர்ந்து அவளை மடக்கிப் பிடித்தார்கள்.

"சொந்த அப்பன் கல்லறையய்யா, மர்ட்டி!" என்றார் பாதிரியார்.

மர்ட்டி எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் இறங்கிய ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். "பேப்பர் கேட்டான்ல? படிடீ."

அவளை விட்டார்கள். தாளை எடுத்துப் படித்தாள். அமெரிக்காக்காரர்களுக்குப் படிப்பது மாதிரியே படித்தாள். எந்தக் கார்னி வேண்டும். சொல்லுடா தம்பி. இவன்தான். பெண்கள் சிலுவைக்குறி போட்டார்கள். ஆள் மாறிப்போனவன் என்ற இடம் வந்தபோது கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. நூறு வருடமாக ஒரு வீட்டைக் காறித்துப்பிய ஊர், துப்பியது தன் மேலேயே விழுந்தால் வேறென்ன செய்யும்?

ஃப்ளான் மட்டும் முனகவில்லை. முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு கார்னி திடீரென்று கப்பலேறிய கதை அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்த வரியில் என்ன இருக்கும் என்று அவன் முகமே சொல்லிற்று. வெள்ளையாகிவிட்டிருந்தது.

"மேல் நடவடிக்கை இல்லை" என்று படித்து, அடுத்த வரிக்கு அவள் வாயைத் திறந்தாள். அதற்காகவே ஐம்பது வருடம் காத்திருந்தவள் அவள்.

"போதும்" என்றார் மர்ட்டி.

"அப்பா, இன்னும்..."

"போதும்னேன். மடி."

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "ஆள் மாறிப்போச்சுன்னா, நெசமாக் காட்டிக்குடுத்தவன் யாரு? அதச் சொல்லுங்க!"

மர்ட்டி ஃப்ளானைப் பார்த்தார். எல்லாரும் பார்க்கும் அளவுக்கு நேரம் பார்க்கவில்லை, அவனுக்குத் தெரியும் அளவுக்குப் பார்த்தார். பிறகு உடைந்த கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"ஊரு சொன்னது சரிதான்" என்றார். "காட்டிக்குடுத்தவன் எங்க வீட்டுலதான் இருந்தான். பேருதான் மாறிப்போச்சு. டெனிஸ்னு வச்சுக்குங்க. வேற எந்த வீட்டுலயும் தேட வேணாம். நூறு வருஷம் அந்தப் பழிய நாங்க வச்சிருந்தோம், எங்களுக்குப் பழகிப்போச்சு."

கமிட்டி அந்த வாரமே கூடியது. கார்னியைக் கொண்டுவரச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் முதலில் எழுந்தது ஃப்ளானின் இடது கை. வலது கை மாவுக்கட்டில் இருந்தது. டெனிஸ் பக்கத்தில் வேண்டாம் என்று மர்ட்டி சொல்லிவிட்டதால், கிழக்குச் சுவரோரம் தனிக் குழி. எலும்புகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கும்போது தாடை எலும்பு பாதிதான் கிடைத்தது. மர்ட்டி அதைக் கையில் வாங்கி, சட்டையால் மண்ணைத் துடைத்துத் தானே உள்ளே வைத்தார். அப்போதுதான் அவர் அழுதார், அதுவரை அவர் அழுது ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

பெட்டியைத் தூக்க ஆட்கள் நெருங்கியபோது ஃப்ளான் இமெல்டாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்தத் தாள்ல இன்னொரு வரி இருந்துச்சுல்ல?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"இருந்தாப் படிச்சிருப்பேன்" என்றாள் இமெல்டா. "நின்னுக்கிட்டே இருக்காத. அந்த முனையப் புடி."

அவன் இடது கையால் பிடித்தான்.